வால்வு ஆம்பைத் திறந்து நானே பழுது பார்க்கக் கற்க ஆசை, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பெரம்பூர்_ரிதம்:

வணக்கம். சர்ச் கொயரிலும் நண்பர்களுடைய சின்ன பேண்டிலும் கிட்டார் வாசிக்கிறேன், வீடு பெரம்பூரில். என்னிடம் இரண்டு ஆம்ப் இருக்கின்றன, இரண்டுமே இப்போது மக்கர் பண்ணுகின்றன. ஒன்று பழகுவதற்காக வாங்கிய 10 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம், கிட்டார் ஜாக்கைக் கொஞ்சம் ஆட்டினால் ஒலி போய்ப் போய் வருகிறது. இன்னொன்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய 15 வாட் வால்வு காம்போ (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகள், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), உள்ளே ஈஎல்84 வால்வு இரண்டு, 12ஏஎக்ஸ்7 வால்வு மூன்று. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி பாதியாகிவிடும், அப்புறம் தானாகத் திரும்பி வரும். அது போக, பின்னால் ஒரு ஹம், ம்ம்ம் என்ற இரைச்சல், விடாமல் இருக்கிறது, முன்பைவிட இப்போது கூடியிருக்கிறது.

கடையில் கொடுத்து வாங்கலாம்தான். போன தடவை கொடுத்தபோது என்ன கோளாறு, எதை மாற்றினீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. எனக்கு ஆம்ப் சரியானால் மட்டும் போதாது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கேபிள் ஜாக்குகளை நானே சால்டர் செய்துகொள்வேன், மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்க்கத் தெரியும், ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றியிருக்கிறேன். அவ்வளவுதான் அனுபவம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ஆம்ப் ஷாக் அடிக்கும் என்று படித்தேன். ஒயரிங் வேலை பார்க்கும் என் மாமாவோ "பிளக்கைக் கழற்றிட்டு டெஸ்டர் வெச்சுப் பாரு, எரியலைன்னா தைரியமா தொடு" என்கிறார். எது சரி? என்னென்ன வாங்க வேண்டும், எதை முதலில் திறக்கலாம், எதைத் தொடவே கூடாது?

ஈயப்பற்று:

தம்பி, முதலில் அந்த டெஸ்டர் விஷயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் மாமா சொல்வது சுவர் ஒயரிங்குக்குச் சரி, வால்வு ஆம்புக்குச் சரியில்லை. நியான் டெஸ்டர் எரிய வேண்டுமென்றால் கரன்ட் டெஸ்டர் வழியாக உங்கள் உடம்புக்குள் வந்து தரைக்குப் போய்ச் சுற்று முழுமையாக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய ஆம்புக்கும் தரைக்கும் தொடர்பே இல்லை. உள்ளே பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டரில் (சார்ஜைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர்) 350 வோல்ட் டிசி அப்படியே நின்றுகொண்டிருக்கும், டெஸ்டர் எரியாது. அதை நம்பி ஒரு கையால் சேசிஸை, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்தை, பிடித்துக்கொண்டு மறு கையை உள்ளே விட்டால் அந்த 350 வோல்ட்டும் கையிலிருந்து கைக்கு, நடுவில் நெஞ்சு வழியாகத்தான் போகும். வால்வு ஆம்புக்குள் டெஸ்டரைச் சோதனைக் கருவியாக எடுக்கவே எடுக்காதீர்கள்.

இரண்டாவது, "வீட்டில் ஆர்சிசிபி போட்டிருக்கிறது, அது காப்பாற்றும்" என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஃபேஸில் போகும் கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரன்ட்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் அது டிரிப் ஆகும், நல்ல சாதனம், அவசியம் வேண்டும். ஆனால் வால்வு ஆம்பின் ஹை டென்ஷன், அதாவது அந்த உயர் வோல்டேஜ், டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே நீங்கள் ஷாக் வாங்கினால் கரன்ட் உங்கள் கை வழியாகச் சேசிஸுக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரிக்கே (ஆம்ப் பக்கச் சுருளுக்கே) திரும்பிவிடும். ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது.

சரி, கெபாசிட்டரை எப்படிக் காலி செய்வது? ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேல் வைக்க வேண்டும். பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும், ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும். பிறகு சில நிமிடம் விடுங்கள். மல்டிமீட்டரை டிசியில் மிகப் பெரிய ரேஞ்சில் வைத்து, முதலில் தெரிந்த ஒரு பேட்டரியில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கறுப்பு லீடை முதலை கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் சிவப்பு முனையை ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிட்டரின் பிளஸ்ஸிலும் வையுங்கள். ஒன்று பார்த்தால் போதும் என்று விடக் கூடாது. அவை ரெசிஸ்டர் வழியாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும், நடுவில் ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்தால் முதல் கெபாசிட்டர் பூஜ்யம் காட்டும், அடுத்தது முழு வோல்டேஜோடு உட்கார்ந்திருக்கும்.

வோல்ட் இருந்தால் 10 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் நன்றாக இன்சுலேட் செய்த கிளிப் ஒயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முனை சேசிஸில், இன்னொரு முனை கெபாசிட்டரின் பிளஸ்ஸில். 47 மைக்ரோஃபாரட் இரண்டரை நொடியில் ஏறக்குறைய காலியாகிவிடும், ஆனாலும் பத்து நொடி விடுங்கள், பிறகு மறுபடி அளங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள்: பூஜ்யம் காட்டிய கெபாசிட்டரில் சற்று நேரம் கழித்து வோல்ட் தானாகத் தலைதூக்கும். இன்சுலேட்டருக்குள் உறைந்திருக்கும் சார்ஜ் மெதுவாக வெளியே வருவதுதான் காரணம். அதனால் வேலை முடியும் வரை அந்த ரெசிஸ்டரைக் கழற்றாமல் மாட்டியே வையுங்கள், மூடும்போது மறக்காமல் எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து "டப்" என்று பொறி பறக்க வைப்பதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள். கெபாசிட்டர் கெடும், முனை உருகும், பொறி கண்ணில் தெறிக்கலாம், பதறிப்போய்க் கை வேறெங்காவது பட்டால் அதுதான் பெரிய ஆபத்து.

மீட்டர் வாங்கும்போது லீடைப் பாருங்கள். மலிவு மீட்டர்களில் 1000 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள், லீடின் ரப்பர் வளைத்த இடத்தில் வெடித்திருக்கும். கேட் 3 (பாதுகாப்புத் தரக் குறியீடு), 600 வோல்ட் என்று போட்ட நல்ல மீட்டராக ஒன்று வாங்குங்கள், மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம். சால்டரிங் அயர்ன் 25 வாட் போதும். பழைய ஈயத்தை உறிஞ்சச் சக்கர், விக், அப்புறம் 60/40 ஈயம், நல்ல வெளிச்சம், எல்லாமே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும்.

ஆரம்பம் என்னவோ வால்வு ஆம்பாக இருக்க வேண்டாம். எல்எம்386 ஐசி ஒன்று, சில கெபாசிட்டர், ஒரு பழைய ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி வாங்கி ஒரு குட்டி ஆம்ப் கட்டுங்கள். ஷாக் பயமே கிடையாது. அதில் ஒரு கெபாசிட்டரைப் பிடுங்கினால் ஒலி எப்படி மாறுகிறது, கிரவுண்டு லூஸானால் எப்படி ஹம் வருகிறது என்று காதால் கற்றுக்கொள்ளலாம். சர்க்யூட் படத்தைப் பார்த்து போர்டில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் அங்கேதான் வரும். அது கைவந்த பிறகு உங்கள் 10 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்.

எர்த்_பின்:

ஈயப்பற்று அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் ஆம்பைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது உங்கள் வீட்டு எர்த். நான் எலக்ட்ரிக்கல் என்ஜினியர், கிட்டார் வாசிக்க மாட்டேன், என் தம்பி வாசிப்பான்.

கிட்டார் கம்பி, பிரிட்ஜ், ஜாக், கேபிளின் ஷீல்டு, ஆம்ப் சேசிஸ், பிளக்கின் எர்த் பின், இவை எல்லாம் ஒரே தொடர்ச்சி. நீங்கள் வாசிக்கும் நேரம் முழுக்க உங்கள் விரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எர்த் உண்மையாக இருந்தால், உள்ளே ஃபேஸ் ஒயர் அறுந்து சேசிஸில் பட்டாலும் ஃபியூஸ் போகும், நீங்கள் பிழைப்பீர்கள். எர்த் பெயருக்கு மட்டும் இருந்தால் அந்த 230 வோல்ட் கம்பிக்கே வரும், மைக்கில் உதடு பட்டால் போதும். ஹம் குறைகிறது என்று மேடையில் எர்த் பின்னை வெட்டிவிடுபவர்களைத் திருவிழாக் கச்சேரிகளிலும் சர்ச் நிகழ்ச்சிகளிலும் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே வயிறு கலங்கும். ஹம்முக்கு வேறு நூறு வழி இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள், உங்கள் குழுவில் யார் செய்தாலும் தடுங்கள்.

இதை நீங்கள் அளக்க வேண்டாம், மாமாவையே அளக்கச் சொல்லுங்கள். ஆம்ப் மாட்டும் சாக்கெட்டில் ஃபேஸ்–நியூட்ரல் 230க்குப் பக்கத்தில், ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட், இப்படி வந்தால் நல்லது. வேறு மாதிரி வந்தால் இங்கே எழுதுங்கள்.

அடுத்து சீரிஸ் பல்ப் போர்டு. உங்கள் மாமாவிடமே ஒன்று இருக்கும். 60 வாட் குண்டு பல்பை ஃபேஸில் தொடராக இணைத்து, அதன் வழியாக ஆம்புக்குக் கரன்ட் கொடுப்பது. பழுது பார்த்த ஆம்பை முதல் முறை ஆன் செய்யும்போது பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடலாம், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. அப்புறம் இது ஆம்பைக் காப்பாற்றும் கருவி, உங்களைக் காப்பாற்றாது. பல்பு மங்கலாக எரிகிறதே என்று உள்ளே கை வைக்கக் கூடாது.

சென்னை வெயிலில் கை எப்போதும் ஈரம்தான், வியர்வை பட்ட தோலின் ரெசிஸ்டன்ஸ் காய்ந்த தோலைவிடப் பல மடங்கு குறைவு, அதனால் கையைத் துடைக்காமல் உட்காராதீர்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வது, மோதிரம் செயின் செப்புக் காப்பு எல்லாம் கழற்றி வைப்பது, வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் வேலை செய்வது, அவருக்கு மெயின் ஸ்விட்ச் எங்கே என்று காட்டி வைப்பது. யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும், ஆளைத் தொடக் கூடாது, பிறகு 108. மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலுதவி வகுப்பு எங்கே கிடைத்தாலும் ஒரு நாள் போய்வாருங்கள்.

ஒரு விஷயத்தில் நான் அண்ணாவைவிடக் கறாராக இருப்பேன். கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும் வால்வு ஆம்புக்குள் அளவெடுக்கும் வேலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பக்கத்தில் அனுபவமுள்ளவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாள் வரட்டும்.

அடையாறு_லீட்:

பிரதர், பாதிக் கோளாறுக்கு ஆம்பைத் திறக்கவே வேண்டாம். "ஒலி பாதியாகி தானாகத் திரும்பி வருகிறது" என்றீர்களே, ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் கருவியை நடுவில் இணைக்கும் வழி) இருக்கிறதா? சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக். இருந்தால் ஒரு சின்ன பேட்ச் கேபிளால் சென்டையும் ரிட்டர்னையும் நேராக இணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் குற்றவாளி அந்த ரிட்டர்ன் ஜாக்குக்குள், எதுவும் மாட்டாதபோது ஒலியைக் கடத்தும் ஸ்விட்ச் காண்டாக்ட். யாரும் எதுவும் மாட்டாமல் வருஷக்கணக்கில் கிடந்து கறுத்துப்போயிருக்கும், கடற்கரைக் காற்று இருக்கும் ஊரில் இது ரொம்ப சகஜம். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு பிளக்கில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, அதைப் பல தடவை சொருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹம்முக்கு ஒரு கிட்டார்காரர் டெஸ்ட். கிட்டார் கேபிளைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஹம் போய்விட்டால் பிரச்சினை கிட்டார் பக்கமோ கேபிளோ முதல் வால்வோ. போகவில்லை என்றால் பவர் சப்ளை பக்கம். பிறகு அந்த ஹம்மின் சுருதியைக் கேளுங்கள். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், ஜி, அது 98 ஹெர்ட்ஸ். ஹம் அதைவிட ஒரு மயிரிழை மேலே நின்றால் 100 ஹெர்ட்ஸ். ஒரு ஆக்டேவ் கீழே என்றால் 50. ஃபோனில் ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்து உறுதி செய்துகொள்ளலாம், ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் ஹம்மிலும் மேல் சுரங்கள் கலந்து வந்து காதை ஏமாற்றும்.

ஒன்றே ஒன்று, வால்வு ஆம்பை ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கும்போது ஆன் செய்யாதீர்கள். லோடு இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதுதான் ஆம்பிலேயே விலை கூடின பாகங்களில் ஒன்று. ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே வகை. ஃபியூஸில் டி என்று இருந்தால் ஸ்லோ ப்ளோ (மெதுவாகப் போகும் வகை), அதையே வாங்குங்கள். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர்.

பெரம்பூர்_ரிதம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

லூப் விஷயம் அப்படியே சரி. பேட்ச் கேபிள் போட்டதும் ஒலி குறைவது நின்றுவிட்டது. கிளீனர் அடித்துச் சொருகி எடுத்தேன், இப்போது கேபிள் இல்லாமலே நிலையாக இருக்கிறது. ஹம் மட்டும் வால்யூம் பூஜ்யத்திலும் இருக்கிறது, ஆப்பில் 100ல்தான் உயரமாக நிற்கிறது.

மாமா சாக்கெட்டை அளந்தார். ஃபேஸ்–நியூட்ரல் 228. ஃபேஸ்–எர்த் 140, நியூட்ரல்–எர்த் 85. இது என்ன கணக்கு? அவருக்கே முகம் மாறிவிட்டது. நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

எர்த்_பின்:

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்த அளவுக்கு அர்த்தம், சாக்கெட்டின் எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை, நடுவில் அறுந்து தொங்குகிறது. பக்கத்து ஒயர்களிலிருந்து ஒட்டிக்கொள்ளும் வோல்டேஜைத்தான் மீட்டர் காட்டுகிறது. நியூட்ரலை எர்த் பின்னில் கட்டினால் மீட்டரில் எண்கள் அழகாக வரும், ஆனால் என்றைக்காவது நியூட்ரல் எங்காவது அறுந்தால் வீட்டிலுள்ள மற்ற சாதனங்கள் வழியாக ஃபேஸ் அந்தத் துண்டு ஒயரில் ஏறி உங்கள் ஆம்ப் சேசிஸுக்கும் கிட்டார் கம்பிக்கும் வந்துவிடும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலும் வரும்.

போர்டிலிருந்து எர்த் ஒயர் எங்கே போகிறது என்று மாமாவைத் தேடச் சொல்லுங்கள். அபார்ட்மென்ட் என்றால் மெயின் போர்டில் எர்த் பாருக்கு வந்திருக்க வேண்டும், அங்கிருந்து எர்த் குழிக்கு. எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே இணைக்க வேண்டும், குழியே இல்லையென்றால் போட வேண்டும். அது முடியும் வரை அந்தச் சாக்கெட்டில் ஆம்பை மாட்டி வாசிக்கவும் வேண்டாம். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஈயப்பற்று:

எர்த் விஷயத்தில் அவர் சொன்னபடியே செய்யுங்கள் தம்பி, நானும் அதைத்தான் சொல்வேன்.

ஹம் 100ல் நிற்கிறது, வால்யூமுக்குக் கட்டுப்படவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஃபில்டர் கெபாசிட்டர். நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையர் இரண்டு பக்க அலையையும் ஒரே பக்கம் திருப்புவதால் அது நொடிக்கு 100 மேடாக வருகிறது. அந்த மேடு பள்ளத்தைச் சமன் செய்வதுதான் ஃபில்டர் கெபாசிட்டரின் வேலை. வயதாகி உள்ளே எலக்ட்ரோலைட் வற்றிப்போனால் அது முடியாமல் ஹம்மாகக் கேட்கிறது. ஈஎல்84 இரண்டில் ஒன்று தளர்ந்து ஜோடி சரியில்லாமல் போனாலும் இதே 100 வரும், அதனால் முதலில் தெரிந்தவர்களிடம் ஒரு நல்ல ஜோடி இரவல் வாங்கி மாற்றிக் கேளுங்கள். வால்வு நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டிலிருந்து நேராக இழுங்கள், ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் சாக்கெட் தளரும். வால்வை மாற்ற சேசிஸை வெளியே எடுக்க வேண்டியதில்லை.

வால்வு காரணமில்லை என்றால் கெபாசிட்டரை மாற்ற வேண்டும், அதை இந்த முறை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிற மெக்கானிக்காகத் தேடுங்கள். சிந்தாதிரிப்பேட்டை, ரிச்சி தெரு சந்துகளில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பழைய ரேடியோ மெக்கானிக்குகளில் வால்வில் கை வைத்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூலியைப் பேசும்போதே "மாற்றும்போது நான் கூட இருக்கிறேன், பழைய கெபாசிட்டரை எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த மேசை. அவர் எப்படிக் காலி செய்கிறார், எந்தக் கையால் அளக்கிறார் என்று பாருங்கள். அளக்காமல் கை வைப்பவரிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

இதற்கிடையில் 10 வாட் ஆம்ப் உங்களுடையது. முதலில் தூக்கிப் பாருங்கள், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கனம் தெரிகிறதா என்று. கனமே இல்லாமல் லேசாக இருந்தால் அது எஸ்எம்பிஎஸ்ஸாக (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) இருக்கலாம், அதன் பிரைமரி கெபாசிட்டரில் (மெயின்ஸ் பக்கத்தில் இருப்பது) 325 வோல்ட் நிற்கும், வால்வு ஆம்புக்குச் சொன்ன அதே மரியாதை அதற்கும், அதைத் திறக்காமல் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் விட்டு, கெபாசிட்டரை அளந்துவிட்டுத் திறங்கள். எந்த ஒயரையும் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் ஃபோனில் படம் எடுங்கள். இன்புட் ஜாக் போர்டில் சால்டர் ஆகியிருக்கும் இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள், பின்னைச் சுற்றி முடி போல மெல்லிய கறுப்பு வளையம் தெரியும், அதுதான் வெடிப்பு. பழைய ஈயத்தைச் சக்கரால் உறிஞ்சிவிட்டுப் புது ஈயம் விடுங்கள், சேர்ந்த பிறகு பளபளவென்று சரிவாக நிற்க வேண்டும், உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை. கரகரக்கும் வால்யூம் கன்ட்ரோலுக்கு, அதன் உடம்பில் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகக் காண்டாக்ட் கிளீனர் கொஞ்சமாக விட்டு, முழு அளவுக்கு இரண்டு பக்கமும் திருகுங்கள். காயும் வரை ஆன் செய்ய வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத்தில் பட்ட கையோடு சாப்பிடக் கூடாது.

மூடிய பிறகு முதல் ஆன் மாமாவின் சீரிஸ் பல்ப் போர்டு வழியாக, எர்த் சரியான சாக்கெட்டில். ஸ்பீக்கரை இணைப்பதற்கு முன் அதன் டெர்மினலில் டிசி அளந்துகொள்ளுங்கள், டிரான்சிஸ்டர் ஆம்பை லோடு இல்லாமல் ஆன் செய்வதில் தவறில்லை. 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். பத்து இருபது வோல்ட் வந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐசியோ போயிருக்கிறது, மாட்டினால் ஸ்பீக்கரும் போகும். அப்படி வந்தால் அணைத்துவிட்டு, போர்டின் இரண்டு பக்கப் படத்தையும் ஐசியின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.